ஓரக்கண்ணால் பார்த்த இத்தாலிக்காரர்

போன மாதம் பெரம்பலூரில் எங்கள் தெருமுனையில் கலர் லேப் வைத்திருக்கும் தம்பி பிரபு என்னைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு படம் காட்டினான். காலமான ஒரு பெரியவரின் போட்டோ. இவன் ஒரு பொத்தானைத் தட்டியதும் பெரியவர் கண்ணைச் சிமிட்டினார், தலையை ஆட்டினார், பல் தெரியச் சிரித்தார். உயிரோடு இருந்தபோது அவர் அப்படிச் சிரித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

"உங்க காலத்துல இதெல்லாம் முடியுமாக்கா?" என்றான்.

முடிந்தது என்றேன். ஒரு பென்சில், ஒரு பிளேடு, ஒரு இத்தாலிக்காரர். மூன்றும் இருந்தால் போதும். அவன் சிரித்துவிட்டு, போட்டோகிராபர் சங்கத்து ஆண்டு மலருக்கு இதை எழுதிக் கொடுங்கள் என்றான். எழுதுகிறேன். நம்ப மனமில்லாதவர்கள் எதிர்ப்பக்கத்து ஆல்பம் விளம்பரத்தைப் படித்துக்கொள்ளலாம்.

நான் டிராயிங் பரீட்சை பாஸ் செய்தவள். டிராயிங் டீச்சர் வேலைக்குப் பதிந்து வைத்துவிட்டு இன்டர்வியூ கார்டுக்காகக் காத்திருந்தேன். கார்டு வரும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று, அடுத்தவர் வயலில் கதிர் அறுத்துக்கொண்டிருந்த என் அப்பா, அரியலூரில் தாமோதரன் சாரின் ஸ்டூடியோவில் ரீடச்சிங் வேலைக்குச் சேர்த்துவிட்டார். ரீடச்சிங் என்றால், நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் முகத்துப் பள்ளம் மேடுகளைச் சரிசெய்வது. அந்த வட்டாரத்தில் எழுபதுகளில் கல்யாணமான பெண்களில் பாதிப் பேர் பருவே இல்லாமல் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என் கைங்கரியம். இன்டர்வியூ கார்டு இன்னும் வரவில்லை. வந்தால் போகலாம் என்றுதான் இருக்கிறேன்.

தாமோதரன் சாருக்குக் கோபம் வந்தால் மரியாதை ஏறும். சாதாரண நாளில் நான் 'மரகதம்'. படம் கழுவுகிற டெவலப்பரைக் கொட்டிவிட்டால் 'மரகதம் அவர்களே'. நெகட்டிவில் என் கைரேகை இருந்தால் 'அம்மையார் அவர்கள் கொஞ்சம் இங்க எழுந்தருளணும்'. அவர் 'வாங்க, உக்காருங்க' என்று ஆரம்பித்தால் நான் டார்க் ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன்.

அந்த மனிதருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. இத்தாலி நாட்டு சினிமாவின் ஸ்டில்கள், அந்தப் படங்களைப் பற்றிய போட்டோ புத்தகங்கள். திருச்சி பிலிம் சொசைட்டியில் எப்போதோ இரண்டு இத்தாலியப் படம் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து பிடித்த பித்து. மெட்ராஸ் போனால் உறவினர் வீட்டுக்குப் போகமாட்டார், பழைய புத்தகக் கடைக்குப் போவார். தியேட்டர் வாசலில் மாட்டுகிற போட்டோ கார்டுகளை நாம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். அவர் ஸ்டில்லைப் பார்க்க உட்காரும்போது முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, கை காயும்வரை விரல்களை விரித்துக்கொண்டு நிற்பார். ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும். மேலே மூச்சு படக் கூடாது. ஒவ்வொரு ஸ்டில்லுக்கும் நடுவே வெண்ணெய்த் தாள், எல்லாம் பட்டுப்புடவைப் பெட்டிக்குள், மூலையில் வேப்பிலைப் பொட்டலம். மழைக்காலம் முடிந்ததும் பின்கட்டில் கயிற்றுக் கட்டிலில் வேட்டி விரித்து, நிழலில் ஸ்டில்களை வடகம் மாதிரிப் பரப்பி வைப்பார். காக்கா விரட்டுவது என் வேலை.

நடிகர்களின் பெயர் எதுவும் அவருக்குத் தெரியாது. இத்தாலிய எழுத்தைக் கூட்டிப் படிக்கவும் மாட்டார். ஆகவே அவரே பெயர் வைத்துக்கொண்டார். ஒரு மூக்கு நீண்டவர் 'சின்னப் பண்ணை'. எப்போதும் அழுகிற நடிகைக்கு 'தர்மாம்பாள்'. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு ஸ்டில்லை எடுத்து, "மரகதம், இதுல என்ன நடக்குது சொல்லு" என்பார். நான் ஒரு கதை சொல்வேன். அவர் வேறொன்று சொல்வார். நான் சொல்வதில் எப்படியும் ஒரு மாமியார் வந்துவிடுவாள், அவர் சொல்வதில் எப்படியும் யாராவது கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். யார் சரி என்று சொல்ல அரியலூரில் ஆள் இல்லை.

அவருடைய பெரிய வரவு லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்தது. அந்த ஊரிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் பாஸ்போர்ட் போட்டோவுக்கு எங்களிடம் வருவார்கள். ஜமால் பாய் என்பவர் வளைகுடாவில் ஓர் இத்தாலியக் கம்பெனியின் கேம்ப்பில் சமையல்காரர். 'இத்தாலி' என்ற சொல்லைக் கேட்டதும் சார் அவரை விடவில்லை. அடுத்த லீவில் ஜமால் பாய் ஆசையோடு கொண்டு வந்தது இத்தாலியக் கால்பந்து அணியின் காலண்டர்.

"சினிமா கேட்டேங்க பாய்."

"இன்ஷா அல்லாஹ், அடுத்த தடவ பாக்கலாம் சார். இவனுங்களும் நல்லாத்தான் நடிக்கிறானுங்க. லேசா இடிச்சாலே உழுந்து புரளுறானுங்க."

அதற்கடுத்த லீவில் உண்மையான புதையல் வந்தது. கேம்ப்பை விட்டு ஊர் திரும்பிய ஓர் எலக்ட்ரீசியன் விட்டுப்போன ஸ்டில் கட்டும், அம்மிக்கல் கனத்தில் ஒரு புத்தகமும். கஸ்டம்ஸில் ஓர் ஆபீசர் அந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பரிசோதித்ததில் மற்றவர்கள் எல்லாம் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். அதோடு முடியவில்லை. வீட்டில் ஜமால் பாயின் அம்மா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, 'யா அல்லாஹ்' என்று பசைக் கிண்ணத்தை எடுத்து வந்து உட்கார்ந்திருக்கிறார். தோள் தெரிகிற நடிகைகள் அத்தனை பேருக்கும் டீத்தூள் பொட்டலத் தாளில் ரவிக்கை வெட்டி ஒட்டிவிட்டார். அளவு கச்சிதம். சார் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "ஜமால் பாய் அவர்களே" என்றார். ஈரப் பஞ்சு வைத்து ஒவ்வொரு ரவிக்கையாக நான் உரித்தேன். தர்மாம்பாளின் ரவிக்கை மட்டும் எதற்கும் அசையவில்லை. கடைசிவரை டீத்தூள் கம்பெனி யானையை முதுகில் சுமந்துகொண்டுதான் அந்த அம்மாள் அழுதாள்.

பித்து பெட்டிக்குள் இருந்தவரை பரவாயில்லை. ஒருநாள் அது காமிராவுக்குள் போனது. ஜெயங்கொண்டத்திலிருந்து புது ஜோடி ஒன்று குடும்பத்தோடு வந்தது. சார் பெண்ணை ஜன்னலோரம் நிறுத்தி வெளியே பார்க்கச் சொன்னார். மாப்பிள்ளையைப் பின்னால் ஒரு நாற்காலியில், தலையைக் குனிந்து உட்கார வைத்தார். படம் என்னவோ நன்றாகத்தான் வந்தது. அதைப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்:

"ஏங்க, எம் புள்ள என்ன தப்பு பண்ணிட்டான்னு பொண்ணு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குது?"

"அதான் நானும் கேக்குறேன்," என்றார் பெண்ணின் அப்பா. "எம் பொண்ண அழ வெச்சது யாரு?"

"அது ஏக்கம்ங்க," என்றார் சார்.

"கண்ணாலம் ஆயி ரெண்டு நாள்ல என்னாங்க ஏக்கம்?"

சம்பந்திச் சண்டையாக மாறுவதற்குள் இருவரையும் நேராக உட்கார வைத்து, தோளோடு தோள் ஒட்டி, வழக்கமான படம் ஒன்று எடுத்து அனுப்பினோம். மறுவாரம் அந்தப் பெண் மட்டும் தன் தங்கையோடு வந்து, "அந்த ஜன்னல் படத்துல ஒண்ணு குடுங்கண்ணே, அவங்களுக்குத் தெரிய வேணாம்" என்று வாங்கிப் போனாள். சார் ஒருவாரம் தரையில் நடக்கவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

அந்தக் காலத்தில் போட்டோவே எடுத்துக்கொள்ளாமல் செத்துப்போனவர்கள் அதிகம். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும் என்று வீட்டார் வந்து நிற்பார்கள். அதற்கு ஸ்டூடியோவில் ஒரு முறை உண்டு. செத்தவரின் தம்பியை உட்கார வைத்து எடுப்போம், அவர் கண் கிடைக்கும். மகனை எடுப்போம், மூக்கு கிடைக்கும். வெட்டி ஒட்டி, அதைத் திரும்பப் படம் எடுத்து, பென்சிலாலும் மையாலும் தையல் தெரியாமல் இழைத்தால் ஒரு மனிதர் கிடைப்பார். மாலைக்குப் பின்னால் இருக்கப்போகிற முகம்தான், யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. இதில் ஒரே சட்டம், பார்வை நேராக இருக்க வேண்டும். கும்பிடுகிறவர்களைச் செத்தவர் நேருக்கு நேர் பார்க்க வேண்டும்.

கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்திலிருந்து கலியபெருமாள் என்று ஓர் இளைஞன் தன் அம்மா அஞ்சலையோடு வந்தான். அப்பா செல்லமுத்து, முந்திரிக் கொல்லையில் மார்வலி வந்து போய்விட்டார். ஒரு போட்டோ கூட இல்லையா என்று கேட்டேன்.

"ஒரு கண்ணாலத்துல எடுத்தது இருக்குக்கா. அப்பா செருப்ப எவனோ மாத்திப் போட்டுட்டுப் போயிட்டான். குனிஞ்சு தேடிக்கிட்டு இருந்தாரு."

படத்தை வாங்கிப் பார்த்தேன். முதுகு தெளிவாக இருந்தது. முதுகுக்கு மாலை போட முடியாதே. செல்லமுத்துவுக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. கலியபெருமாள் அச்சு அசல் அம்மா ஜாடை. அவன் அடையாளம் சொல்லச் சொல்ல நான் காகிதத்தில் வரைந்தேன். வரைந்த எல்லா முகமும் எங்கள் ஏரியா போஸ்ட்மேன் மாதிரியே வந்தது. காரியத்துக்கு நாள் நெருங்கிவிட்டது, பங்காளிகள் சிரிப்பார்கள் என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. போய் ஒரு டீ குடித்துவிட்டு வா என்று அனுப்பினேன்.

அஞ்சலையம்மா எழுந்து பின்கட்டுப் பக்கம் போனார். அங்கே கட்டிலில் இத்தாலி காய்ந்துகொண்டிருந்தது. சார் பதறி ஓடினார். அந்த அம்மா எதையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

ஜமால் பாய் கொண்டு வந்த கட்டுக்குள் இருந்த ஸ்டில் அது. முன்னால் கதாநாயகனும் நாயகியும் நடுத்தெருவில் சண்டை போடுகிறார்கள். பின்னால் ஒரு மூலையில், ஒரு வீட்டு வாசலில், தொப்பி போட்ட ஒரு கிழவர். எங்கள் இருவருக்கும் அந்த ஆளை வைத்துப் பழைய வழக்கு ஒன்று இருந்தது. அவர் போலீஸ் ஒற்றன் என்பது சாரின் கட்சி. படம் எடுக்கும்போது குறுக்கே வந்துவிட்ட யாரோ என்பது என் கட்சி.

"இவுருதான்," என்றார் அஞ்சலையம்மா.

"இது இத்தாலிம்மா," என்றேன்.

"எந்த ஊரா இருந்தா என்ன? எம் புருசன் மொகம் எனக்குத் தெரியாதா, இது அவுரு இல்லதான். ஆனா கோவம் வந்தா அந்தாளு இப்படித்தான் நிப்பாரு. சோறு வேணாம்னு எழுந்திரிச்சிப் போயி வாசல்ல நின்னுக்கிட்டு, இவ கூப்புடுவாளான்னு ஓரக்கண்ணால உள்ள பாப்பாரு. பாரு, இவுரும் உள்ளதான் பாக்குறாரு."

பார்த்தோம். பார்த்துப் பார்த்துப் பழகிய ஸ்டில்தான். அந்தக் கண் கடைக்கோடியில் வீட்டின் உள்பக்கம் போயிருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தோம்.

"அன்னிக்கும் அப்படித்தான் நின்னாரு," என்றார் அவர். "பழய சோத்துக்குத் தொட்டுக்க ஒண்ணுமில்லன்னு சண்ட. தெனம் கூப்புடுறவ அன்னிக்குக் கூப்புடல. எனக்கும் கோவம். கொஞ்ச நேரம் பாத்தாரு, கொல்லைக்குப் போயிட்டாரு. தூக்கிக்கிட்டுத்தான் வந்தாங்க."

தன் ஸ்டில்லைக் கடைவேலைக்குத் தொடவே கூடாது என்பது சாரின் சட்டம். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். ஸ்டில்லை ஓரத்தில் பிடித்து எடுத்துக் காமிராவின் முன்னால் மாட்டினார்.

மூலையில் தீப்பெட்டி அளவு இருந்த கிழவரைப் பெரிதாக்கினோம். தொப்பியின் மேல் நான் தலைப்பாகை சுற்றினேன். கோட்டுக் காலர் துண்டானது. நெற்றியில் விபூதி. மூக்கு ஐரோப்பா அளவுக்கு இருந்தது. அஞ்சலையம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் செத்தக் கொறடி" என்று சொல்லச் சொல்லக் குறைத்தேன். காதில் கடுக்கன் துளை வேண்டும் என்றார், வைத்தேன். பிரிண்ட் போடும்போது வெளிச்சம் கூடினால் முகம் கறுக்கும். கொஞ்சம் கூட்டியதும் ஆள் ஒரு கோடை முழுக்க முந்திரிக் கொல்லையில் நின்ற நிறத்துக்கு வந்துவிட்டார். எல்லாம் முடிந்ததும் வழக்கப்படி கண்ணை நேராக்கப் பென்சிலை எடுத்தேன். என் கையைப் பிடித்துவிட்டார்.

"கண்ணத் தொடாத."

"சாமி படம் மாதிரி நேரா பாக்கணும்மா. அதான் வழக்கம்."

"அது கூப்புட்டு சோறு போட்டவளுக்கு. எனக்கு இப்படியே இருக்கட்டும்."

பென்சிலைக் கீழே வைத்தேன். எனக்கு அழுகை வந்தது. ரீடச்சிங் செய்கிறவள் பிரிண்ட் மேல் அழக் கூடாது என்பதால் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். ஏக்கம் என்று சார் சொன்னது இதைத்தானோ என்னவோ.

இதைச் சொன்னபோது, இது ஊரை ஏமாற்றுகிற வேலை இல்லையா என்று பிரபு கேட்டான். கேட்டு வாங்கியவளுக்கு உண்மை தெரியும், பிள்ளைக்கும் தெரியும். ஊருக்கு எதற்கு? காரியத்தன்று நாங்களும் போனோம். படத்தைத் திறந்ததும் பங்காளிகள் "அவரே வந்து குந்தியிருக்காருடா!" என்று கதறினார்கள். வைத்திலிங்கம் என்ற மூத்த பங்காளி ஒருபடி மேலே போனார்.

"இத எடுக்கச்சே நான் பக்கத்துல நிக்கிறேன். கோயிலப் படம் புடிக்க ஒரு வெள்ளக்காரன் வந்தான்ல, அவன்தான் எடுத்தான். என்னையும் எடுத்தான், அது சரியா உழுவல."

சார் என்னைப் பார்க்கவில்லை. நான் சாரைப் பார்க்கவில்லை. வடையைப் பார்த்தோம்.

சில வருடம் ஓடியது. அந்த ஸ்டில்லின் முதுகில் ஊதா மையில் படத்தின் பெயர் முத்திரை குத்தியிருந்தது. அதைப் பார்த்தெழுதி சார் திருச்சி பிலிம் சொசைட்டியை வருடம் தவறாமல் நச்சரித்துக்கொண்டே இருந்தார். எண்பதுகளின் நடுவில் அந்தப் படத்தின் பிரிண்ட் திருச்சிக்கு வந்தது. எங்கள் வாடிக்கைக்காரரான ஒரு சிமெண்ட் ஆலை மேனேஜரைப் பிடித்து, ஆலைக் கிளப்பில் ஒரு சாயங்காலம் திரையிட ஏற்பாடு செய்துவிட்டார். யார் வேண்டுமானாலும் குடும்பத்தோடு வரலாம் என்று போர்டு வைத்தார்.

'இத்தாலிப் படம்' என்ற இரண்டு சொல் அரியலூர் ஆண்களின் மனத்தில் என்ன செய்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. தலைக்கு எண்ணெய், முகத்துக்கு பவுடர், ஜிப்பாவில் அத்தர் என்று முன்வரிசையெல்லாம் நிரம்பிவிட்டது. படத்தில் மழை பெய்தது. ஓர் ஆள் நடந்தான். மறுபடி மழை பெய்தது. கதாநாயகி கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டைக் கடைசிவரை கழற்றவில்லை. ஜமால் பாயின் அம்மா பார்த்திருந்தால் பசைக் கிண்ணத்தை மூடி வைத்திருப்பார். அத்தர் வாசனை ஒவ்வொன்றாக எழுந்து வெளியே போனது.

படம் ஓடும்போதே முன்வரிசை காலியான பிறகுதான் எனக்குத் தெரிந்தது, நடுவில் பாய் விரித்து அஞ்சலையம்மா உட்கார்ந்திருந்தார். கலியபெருமாளுக்கு அதே ஆலையில் மூட்டை கட்டுகிற இடத்தில் வேலை கிடைத்திருந்தது. அம்மாவைக் கூட்டி வந்திருந்தான். கூடவே பங்காளிகள், வைத்திலிங்கம் உட்பட.

"சார்," என்றேன்.

"பாத்துட்டேன்," என்றார். இத்தனை வருடம் தவம் கிடந்து வரவழைத்த படத்தை எப்படி நிறுத்துவது என்று அவர் ப்ரொஜெக்டரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். காரியத்தில் கதறிய சனம் முன்னால் அந்த அம்மாவின் மானம் போய்விடுமே என்று நான் பாயோரம் போய் உட்கார்ந்தேன்.

தெரு வந்தது. சண்டை வந்தது. வாசலில் கிழவர் வந்து நின்றார்.

"அடேய், நம்ம செல்லமுத்துடா!" வைத்திலிங்கம் எழுந்துவிட்டார். எல்லாத் தலையும் அஞ்சலையம்மா பக்கம் திரும்பியது. "தொப்பி போட்டு உட்டுருக்கான் பாரு! நான் அப்பவே சொல்லல, அந்த வெள்ளக்காரன் எடுத்தான்னு?"

"நீ சொன்னப்ப நாங்க நம்பலண்ணே," என்றார் ஒரு பங்காளி பயபக்தியோடு.

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அஞ்சலையம்மா காதில் இது எதுவும் விழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிழவர் ஓரக்கண்ணால் உள்ளே பார்த்தார். எங்கள் ஸ்டில் அதோடு நின்றுவிடும். இப்போது நிற்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், புரியாத பாஷையில் இரண்டு வார்த்தை, கொஞ்சம் அதட்டலாக. கிழவர் தொப்பியைக் கழற்றினார். யாரோ கட்டாயப்படுத்துவது போல முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போனார். கதவிடுக்கில் ஒரு மேசையும் தட்டும் தெரிந்தன. பிறகு மழை வந்துவிட்டது.

"கூப்புட்டா வந்துருவாரு," என்றார் அஞ்சலையம்மா, யாரிடமும் இல்லாமல். கலியபெருமாள் படம் முடிந்துவிட்டதா என்று கேட்டான். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முடிஞ்சிருச்சி என்றார். படம் இன்னும் பாதிகூட ஆகவில்லை.

திரும்பி வரும்போது சார், "ஒற்றனும் இல்ல, குறுக்க வந்தவனும் இல்ல. ரெண்டு பேருமே தோத்துட்டோம் மரகதம்" என்றார்.

அந்த வாரமே பஸ் பிடித்து அஞ்சலையம்மா ஸ்டூடியோவுக்கு வந்தார். கையில் பழைய புடவையில் சுற்றிய சட்டம் போட்ட படம். என் மேசைமேல் வைத்தார்.

"கண்ண நேரா வெச்சிக் குடு."

சார் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, கண்ணாடியை அவரே கழற்றிக் கொடுத்தார். நான் பிளேடால் ஓரத்திலிருந்த கருமணியைச் சுரண்டி வெள்ளையாக்கினேன். பிரஷ்ஷில் மை தொட்டு நடுவில் வைத்தேன். அந்த அம்மா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தன்னை முதன்முறையாக நேராகப் பார்க்க ஆரம்பித்த மனிதரை மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரேன்டி," என்று எழுந்தார். "வூட்ல கொழம்பு வெச்சிட்டு வந்துருக்கேன்."